மூன்றாம் மாடியில் ஓர் ஏவுகணை

உள்ளே வாங்க. செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். கொஞ்சம் மெதுவாக! அக்கா ஓர் ஏவுகணையைப் பாதி வானத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

இடம் மலேசியாவின் கம்போங் மேடான், அடுக்குமாடியின் மூன்றாம் மாடி. பழைய கிள்ளான் சாலையின் லாரி இரைச்சல் ஜன்னல் வரை ஏறி வருகிறது. துணி தேய்க்கும் மேசைதான் அலுவலகம். அதன் மேல் ஒரு மடிக்கணினி, இரண்டு கைப்பேசி, ஆறிப்போன தே ஓ. மின்விசிறிக்கு நேராக மகனின் பள்ளிச் சீருடை காய்கிறது. அக்கா தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு எழுதும் நிருபர். பகலில் கோர்ட்டு, கோயில், கட்சிக் கூட்டம் என்று அலைச்சல். இரவில், ஊர் முழுக்க அவருக்கு அனுப்பிவைக்கும் வாட்சாப் வீடியோக்களைப் பிரித்து மேய்வது. பெயரைப் போடக்கூடாது என்பது முதல் நிபந்தனை. மீன் சம்பாலைப் பற்றித் தாராளமாக எழுதலாம் என்பது இரண்டாவது. (அபாரம். எழுதிவிட்டேன்.)

பத்திரிகைக்காரருக்கே இன்னொரு பத்திரிகைக்காரரின் மேசையை எட்டிப் பார்க்க இவ்வளவு ஆசையா என்று கேட்காதீர்கள். ஆசைதான். சமையல்கட்டுக்குள் விட்ட குழந்தை மாதிரி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறேன்.

வீடியோவுக்கு வருவோம். "டெல் அவிவ் எரிகிறது, எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று தமிழில் தலைப்பு. பின்னணியில் தாரை தப்பட்டை. அக்கா செய்யும் முதல் காரியம் சத்தத்தை அணைப்பது. "பயம் காது வழியாத்தான் ஏறும். காதை மூடினா கண்ணு தானா வேலை செய்யும்" என்கிறார். அணைத்தவுடன் எனக்கே பாதி பயம் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்துகிறார்.

"புகையைப் பாரு. மூணு இடத்துல குண்டு விழுது. மூணு புகையும் ஒரே அச்சு."

பார்த்தேன். ஒரே அச்சுதான்!

"இப்போ ரோட்டைப் பாரு. இவ்ளோ பெரிய ஊர்ல ஒருத்தனாவது ஓடுறானா?"

ஒருவரும் இல்லை. ஒரு பூனைகூட இல்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அது போரே இல்லை, 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டு! செக் நாட்டு நிறுவனமான பொஹீமியா இன்டராக்டிவ் உருவாக்கியது. தங்கள் விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போர் என்றும் இன்னும் பல நாட்டுப் போர் என்றும் உலா வருவதைக் கண்டு நொந்துபோய், 2022 நவம்பரில் அந்த நிறுவனமே அறிக்கை விட்டது. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள்: மங்கலான படம், ஆடும் கேமரா, பெரும்பாலும் இரவு, மனித நடமாட்டம் இல்லை, புகையும் தூசியும் இயல்பாக இல்லை. அக்கா அந்தப் பட்டியலைச் சீட்டில் எழுதி அரிசி டின் மேல் ஒட்டியிருக்கிறார். கீழே தன் கைச்சரக்காக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: "இசை இருந்தால் பொய்."

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நான்கு நாளும் இந்த மேசையில் தூக்கமே இல்லையாம். கராச்சித் துறைமுகம் தகர்ந்தது என்று இந்தியத் தொலைக்காட்சிகள் சிலவே கூவிக்கொண்டிருந்த நேரம் அது. துறைமுகம் பத்திரமாக இருந்தது. அடுத்த மாதமே இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள். அப்போது வந்தவற்றில் செயற்கை நுண்ணறிவு செய்த படங்களும் கலந்திருந்தன. புகையின் அச்சைப் பார்க்கும் வித்தையெல்லாம் அவற்றிடம் செல்லாது. அந்தப் படங்களைக் காட்டும்போது மட்டும் அக்காவின் குரலில் துள்ளல் குறைந்தது. மூலப் பதிவைத் தேடு, முதலில் போட்டவன் யார் என்று பார், அதே இடத்தை வேறு யாராவது வேறு கோணத்தில் எடுத்திருக்கிறார்களா என்று பார். நேரம் பிடிக்கும் வேலை. அதற்குள் வீடியோ கிள்ளான் போய், ஈப்போ போய், சிங்கப்பூர்ச் சித்தி வழியாகத் திரும்பி அக்காவுக்கே வந்து சேரும்.

சரி, எங்கோ எரிகிற டெல் அவிவுக்கும் கராச்சிக்கும் கம்போங் மேடானில் ஒருத்தி ஏன் கண்விழிக்க வேண்டும்? கேட்டேவிட்டேன். பதில் சொல்லாமல் ஜன்னலைக் காட்டினார். கீழே தெரு. மளிகைக் கடை, மோட்டார் சைக்கிள்கள், பர்கர் தள்ளுவண்டி.

2001 மார்ச்சில் இந்த வட்டாரம்தான் எரிந்தது. ஒரு கல்யாண வீடும் ஒரு துக்க வீடும் சம்பந்தப்பட்ட சச்சரவு என்றுதான் தொடங்கியது. மார்ச் 8 வாக்கில் பாராங்கத்தி வெளியே வந்துவிட்டது. ஆறு பேர் உயிர் போயிற்று: ஐவர் இந்தியர், ஒருவர் இந்தோனேசியர். வெட்டுப்பட்டோர் பலர். வாட்சாப் பிறக்காத காலம். பொய்யெல்லாம் கால்நடையாகவும் மோட்டார் சைக்கிளிலும்தான் வந்தது. அப்படி வந்ததே அவ்வளவு செய்தது என்பதுதான் அக்காவின் கணக்கு. அந்தக் கலவரத்தைப் பற்றி வழக்கறிஞர் கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' என்ற நூலை அரசாங்கம் பின்னால் தடை செய்தது. "அச்சடிச்சதைத் தடுத்துட்டாங்க. அச்சடிக்காத கதையை எவன் தடுத்தான்? அது இன்னிக்கும் டீக்கடையில ஆளுக்கு ஒரு விதமா ஓடுது."

போர் வீடியோ, அவர் பார்வையில், வெறும் ஒத்திகை. யாரென்றே தெரியாதவன் மீது கோபப்பட ஒரு வாரம் பழகிக்கொள்கிறோம். அடுத்த வாரம் அதே கைவிரல், அதே குரூப், பக்கத்துத் தெருவைப் பற்றி ஒரு செய்தி. அதையும் அனுப்பிவிடும். இதை நான் மிகையென்று நினைத்தேன். 2022 நவம்பரில் பொதுத்தேர்தல் முடிந்து யார் ஆட்சி என்று தெரியாத நாட்களில், 1969 மே 13 இனக் கலவரத்தை இழுத்துப் பேசும் வீடியோக்கள் டிக்டாக்கில் கிளம்பி, போலீஸ் எச்சரிக்கை விடும்படி ஆனதை அவர் நினைவுபடுத்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

இலங்கையை எடுத்தால் அவர் நிறுத்தவே மாட்டார். 2018-இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் மாவுக்கட்டி ஒன்று கிடக்க, அது கருத்தடை மாத்திரை என்று ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது. கல்லாவில் இருந்தவர் தமிழ் பேசுபவர், சிங்களம் சரியாகத் தெரியாது. மிரண்டுபோய் என்னவோ தலையாட்டியதை வீடியோ எடுத்து, "ஒப்புக்கொண்டான்" என்று முகநூலில் ஏற்றினார்கள். அது நாடு முழுக்கச் சுற்றியது. மார்ச்சில் கண்டி திகன பக்கம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசாங்கம் அவசரநிலை அறிவித்து, முகநூலையும் வாட்சாப்பையும் முடக்கியது. கலவரத்தில் தன் தளத்துக்கும் பங்கிருந்ததற்காக 2020 மே மாதம் முகநூல் வருத்தம் தெரிவித்தது. மாவு மாவுதான் என்பது ஆய்வில் தெரிந்தது. கடை என்னவோ முன்னமே போய்விட்டது.

இந்த இடத்தில் கைப்பேசி அதிர்ந்தது. நேரடி ஒளிபரப்பு, என் அதிர்ஷ்டம்! குரல் பதிவு. ஒரு பெண் மூச்சிரைக்கப் பேசுகிறார்: "இன்னிக்கு ராத்திரி நம்ம ஏரியாவுல யாரும் வெளிய போகாதீங்க, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க, போலீஸ்ல இருக்கிற சொந்தக்காரர் சொன்னாரு."

"தேதி சொன்னாளா?"

இல்லை.

"எந்த ஏரியா?"

நம்ம ஏரியா.

"இதுதான் நம்பர் ஒன் சரக்கு. தேதி போடாததனால எந்த நாள் அனுப்பினாலும் அன்னிக்கு ராத்திரிதான். 'நம்ம ஏரியா'ன்னு சொன்னா கேட்குறவன் எங்க இருக்கானோ அதுதான் ஏரியா." அனுப்பியவரைக் கூப்பிட்டார். அவர் கொழுந்தியாளைக் கை காட்டினார். கொழுந்தியாள் பள்ளி வேன் அண்ணனை. வேன் அண்ணன் யாரோ ஒரு குரூப்பை. போலீஸில் இருக்கும் சொந்தக்காரர் மட்டும் எந்த வீட்டிலும் அகப்படவில்லை. வட்டாரப் போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டார். அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தால், அக்கா செருப்பைத் தேடுகிறார். எதற்கு? "கீழ இறங்கிப் பார்க்கத்தான்." லிஃப்ட் வேலை செய்யவில்லை, படி. கீழே பர்கர்க்காரர் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார், பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள், சூராவ் முற்றத்தில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தத் தெருவை அப்படியே ஒரு படம் எடுத்து, நேரத்தோடு குரூப்பில் போட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. பர்கர்க்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்படியானால் அரசாங்கமே கடிவாளம் போடட்டுமே என்பீர்கள். போடுகிறது. 2025 ஜனவரி 1 முதல் இங்கே 80 லட்சத்துக்கு மேல் பயனர் வைத்திருக்கும் தளங்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2026 தொடக்கத்தில் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்புக்கு வந்தது. ஆனால் தனிப்பட்ட செய்திப் பரிமாற்றத்தை அந்தச் சட்டம் தொடாது. அதாவது மூச்சிரைத்த அந்தக் குரல் பதிவு சட்டத்தின் வேலிக்கு வெளியே. தொடவும் கூடாது என்கிறார் அக்கா. நிருபரின் போனில் செய்தி கொடுத்தவர்களின் பெயரும் இருக்கும். நானும் அவர் கட்சிதான்.

கம்பெனிகளையும் அவர் நம்பவில்லை. 2024 ஜூலை 31-இல் ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியே தெஹ்ரானில் கொல்லப்பட்டபோது, பிரதமர் அன்வார் இப்ராஹிம் போட்ட இரங்கல் பதிவுகளையே மெட்டா முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் நீக்கியது. பிரதமர் அலுவலகம் விளக்கம் கேட்ட பிறகு, தவறு நடந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டது. "பிரதமருக்குக் கேட்க ஆபீஸ் இருக்கு. என் கட்டுரையைத் தூக்கினா நான் யார்கிட்ட கேட்குறது?"

அதே ஜூலையில், அதே கம்பெனி உலகம் வேறொன்றையும் காட்டியது. டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட நம் தமிழ்ப் பெண், இணைய வசைக்கு ஆளாகி, போலீஸில் புகார் கொடுத்த மறுநாள் இறந்தார். வசை பாடியவர்களில் ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. அந்தச் சட்டப்பிரிவில் அதற்கு மேல் இடமில்லை. நாடு கொதித்த பிறகுதான் பகடிவதைக்கென்று தண்டனைச் சட்டத்தில் புதுப் பிரிவுகள் வந்தன. தலைவர் பெயரைக் கண்டதும் பாய்ந்து நீக்கும் இயந்திரம், மலாய் கலந்த நம் வீட்டுத் தமிழில் ஒருத்தியை இரவெல்லாம் ஏசினால் கண்டுகொள்வதில்லை. அக்கா இதை எழுதித்தான் கை வலிக்கிறது என்கிறார். போர்க் கட்டுரைக்கு வரும் வாசகர் கூட்டம் இதற்கு வருவதில்லையாம்.

ஒரே ஓர் ஆறுதல், கீழ்மாடி அத்தை. முன்பு குரல் பதிவு வந்தாலே பதறியவர், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டுவிட்டார். இப்போது எந்தச் செய்தி வந்தாலும் அத்தையிடமிருந்து பதில் இரண்டே கேள்வி: "யார் சொன்னா? என்னைக்கு?" குலதெய்வப் படம் வந்தால்கூட விடுவதில்லை. தொல்லை தாங்காமல் குடும்ப குரூப்பிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். அடுக்குமாடி குரூப்பில் அட்மின் ஆக்கிவிட்டார்கள்.