முதல் ட்ரோனுக்கு மரச்சட்டம்: ஏன்? எப்படி?

புதுச்சேரியில் உங்கள் முதல் நான்கு விசிறி ட்ரோனை வீட்டிலேயே செய்யப் போகிறீர்களா? சட்டத்துக்கு மரமே போதும்.

ஏன்? அலுமினியத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 2,700 கிலோ. பைன் மரத்துக்குச் சுமார் 500 கிலோதான். ஆகவே அதே எடையில், விசிறியைத் தாங்கும் கையை மரத்தில் பல மடங்கு பருமனாக வைக்கலாம். அகலம் மாறாமல் தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். மரம் அதிர்வையும் ஓரளவு உள்வாங்குவதால் கைரோ உணரி அதிகம் குழம்பாது. கார்பன் இழை ரேடியோ அலையை மறிக்கும். காய்ந்த மரம் அப்படி மறிக்காது. 1940-இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் மொஸ்கிட்டோ போர் விமானத்தின் உடலே ப்ளைவுட்டும் பால்சா மரமும்தான்.

எப்படி? கைகளுக்கு 10 மி.மீ. சதுரக் குச்சி எடுங்கள். மர ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ட்ரோன் ஒருமுறை விழுந்தாலே கை முறியும். கணு உள்ள துண்டைத் தவிர்த்துவிடுங்கள். நடுத்தட்டுக்கு 3 மி.மீ. ப்ளைவுட்: அதன் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் திருகுத் துளையருகே எளிதில் பிளக்காது. கடற்கரை ஈரக்காற்றில் மரம் உப்பும், எடையும் கூடும். வெட்டுமுனைகளுக்கு வார்னிஷ் அவசியம்.

பறக்கவிடும் முன் ஒன்று: புதுச்சேரி விமான நிலையம் ஊருக்குள் லாஸ்பேட்டையிலேயே இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி, அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடம் சிவப்பு அல்லது மஞ்சள் மண்டலம் என்றால், அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.