வீட்டுக் கணினியில் யாருக்கு என்ன உரிமை?

வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, அட்டைகளில் துளையிட்டு ஜக்கார்டில் ஏற்றிய கரையும் முந்தியும் புட்டாவும் இன்று காஞ்சிபுரத்துப் பல நெசவு வீடுகளில் கணினிக் கோப்புகளாக உறங்குகின்றன. அதே கணினியில்தான் ஜரிகைக் கணக்கு, கூலி வரவு, மகளின் கல்லூரிப் பாடம், சிறுவர்களின் விளையாட்டு எல்லாம். கணினி ஒன்று, அதைத் தொடும் கைகளோ ஐந்தாறு.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கூட்டுக் குடும்பத்தில், விளையாட்டு ஒன்றை நிறுவ இடம் போதவில்லை என்று பள்ளிச் சிறுவன் ஒரு கோப்புறையை அழித்துவிட்டான். அவனுக்கு அவை பழைய படங்கள். அவனுடைய பெரியப்பாவுக்கோ ஏழு மாத உழைப்பு. சிறுவனுக்கு அடி விழுந்தது. அதை அழிக்கும் அதிகாரம் அவனுக்கு எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பொருளியலில் இதற்கு ஒரு விடை உண்டு. உடைமை என்பது ஒற்றை உரிமையன்று, பல உரிமைகளின் கட்டு என்பது அது. 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், எடெல்லா ஷ்லாகருடன் இணைந்து 1992-இல் எழுதிய கட்டுரையில், பொதுவளத்தின் மீதான உரிமையை ஐந்தாகப் பிரித்தார்: நுழைதல், பயனை எடுத்தல், நிர்வகித்தல், பிறரை விலக்குதல், உரிமையைக் கைமாற்றுதல். ஏரியில் மீன் பிடிக்க உரிமை உள்ளவருக்கு ஏரியை விற்கும் உரிமை இருக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் கணினி ஏறக்குறைய இதே பிரிவினையைத்தான் கையாளுகிறது. ஒரு கோப்புறையின் மீது வலப்புறம் சொடுக்கி, 'புராப்பர்ட்டீஸ்', அதில் 'செக்யூரிட்டி' என்று போனால், வீட்டில் யார் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல் தெரியும். 'ரீட்' பெற்றவர் பார்க்கலாம். 'மாடிஃபை' பெற்றவர் திருத்தலாம், அழிக்கலாம். 'ஃபுல் கண்ட்ரோல்' பெற்றவரோ, இவற்றுடன் யாருக்கு உரிமை தருவது, யாரை விலக்குவது என்பதையும் முடிவு செய்யலாம். கடைசி இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

ஆனால், இவ்வளவும் பயன்தர ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டும். ஒரே கணக்கில் அனைவரும் நுழைந்தால், கணினியின் கண்ணுக்கு அந்த வீட்டில் ஒரே ஆள்தான். தனிக் கணக்குத் தொடங்கியதும் அவரவர் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறை, நிர்வாகியைத் தவிர மற்றவர்களுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும்.

சிக்கல் 'டி டிரைவ்' விஷயத்தில்தான். முக்கியமானவற்றைப் பத்திரமாக அங்கே வைப்பது நம் வழக்கம். இயல்பான அமைப்பில், கணினியில் கணக்குள்ள எவரும் அங்குள்ளதைத் திருத்தலாம், அழிக்கலாம். பத்திரம் என்று நினைத்த இடம் உண்மையில் தெருத்திண்ணை. எனவே டிசைன் கோப்புறைக்கு மட்டும், 'அட்வான்ஸ்டு' பகுதியில் மேலிருந்து வரும் மரபுரிமையைத் துண்டித்துவிட்டு, பொதுக் குழுக்களை நீக்கி, உரியவர்களைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். நீக்குவதற்குப் பதிலாக 'டினை' என்ற மறுப்புக் கட்டத்தில் குறியிடுவோர் உண்டு. மறுப்பு பொதுவாக அனுமதியை வெல்லும். 'யூசர்ஸ்' குழுவை மறுத்தால் அதில் அடங்கிய தாமும் வெளியே நிற்க நேரும்.

யார் நிர்வாகி என்பது தொழில்நுட்பக் கேள்வியன்று, குடும்பக் கேள்வி. விண்டோஸில் முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகிக் கணக்கு. கணினியைப் பிரித்து நிறுவியவன் கல்லூரி மகன் என்பதால் அவனே நிர்வாகி. டிசைன்களுக்கு உரியவரான தந்தை விருந்தாளி. கணக்கு வழக்குகளைப் பார்க்கும் தாய்க்குப் பல வீடுகளில் தனிக் கணக்கே கிடையாது. நிர்வாகி நினைத்தால் எந்தக் கோப்புறையின் உடைமையையும் தன்வசமாக்கலாம் என்பதை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். நிர்வாகிக் கணக்கைத் தனியே வைத்து, அதன் கடவுச்சொல்லைப் பெரியவர் இருவர் அறிந்திருக்க, அன்றாட வேலைக்கு அந்த மகன் உட்பட எல்லோரும் 'ஸ்டாண்டர்டு' கணக்கில் நுழைவதே என் பரிந்துரை.

'நம் பிள்ளையிடமா இந்த வேலி?' என்று கேட்கிறார்கள். எங்கள் மாவட்டத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பொறுப்பைப் பிரித்துச் சொல்கின்றன. ஒரே சபையைச் சேர்ந்தவர்கள்தான் அவர்களும். கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் மறுமுறை தேர்வாக முடியாது என்றும் விதித்தார்கள். வீட்டில் அந்த அளவுக்குக் கடுமை வேண்டாம்தான்.

அழிவதைவிடப் பெரிய இழப்பு, நகலாவது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்குமேயன்றித் தனி ஒருவரின் புட்டாவைக் காக்காது. அதற்கு வடிவமைப்புச் சட்டம், 2000 இருக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டுகள், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகள் பாதுகாப்பு. ஆனால், முன்பே வெளியான வடிவத்தைப் பதிவு செய்ய இயலாது. பார்க்க முடிந்தவரால் நகலெடுக்கவும் முடியும் என்பதால், தறியில் ஏற்றுபவரைத் தவிர மற்றவர்களுக்கு இந்தக் கோப்புறையில் 'ரீட்' உரிமைகூட வேண்டாம்.

இந்த உரிமைகள் கணினிக்குள் மட்டுமே செல்லும். எஃப்ஏடி32 முறையில் அமைந்த பென் டிரைவில் ஏறிய கோப்புடன் அவை போவதில்லை. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துபவரைத் தடுக்கக் குறியாக்கம் தேவை. வட்டே பழுதானால் இரண்டும் உதவாது. மாதம் ஒருமுறை டிசைன்களைத் தனி வட்டில் நகலெடுத்து, கணினி இல்லாத அறையில் பூட்டி வைக்க வேண்டும்.