வாண்டா ஃபல்கேட்டா

வாண்டா ஃபல்கேட்டா என்பது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறிய தொற்றுத் தாவரம் ஆகும். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இது, ஜப்பானிய மொழியில் ஃபூரான், அதாவது "காற்று ஆர்க்கிட்" என அழைக்கப்படுகின்றது. வளர்ப்பில் இச்செடி நலிவடைவதற்கு வேரழுகல் ஒரு முதன்மையான காரணமாகும். வேர் அழுகிய செடியும் நீரின்றி வாடிய செடியும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே காணப்படுகின்றன. ஆனால் இரண்டுக்கும் தேவையான கவனிப்பு நேரெதிரானது.

பெயரும் வகைப்பாடும்

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க் 1784 ஆம் ஆண்டில் இதனை ஆர்க்கிஸ் ஃபல்கேட்டா என்னும் பெயரில் விவரித்தார். ஃபல்கேட்டா என்பதற்கு இலத்தீனில் அரிவாள் வடிவானது என்று பொருள். 1925 ஆம் ஆண்டில் சீனத் தாவரவியலாளர் ஹூ சியான்சூ இதற்கென நியோஃபினெட்டியா என்னும் பேரினத்தை உருவாக்கினார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் அசீல் ஃபினே என்பவரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் இப்பேரினம் வாண்டாவுடன் இணைக்கப்பட்டது. எனினும் பழைய பெயரும் வளர்ப்போரிடையே வழங்கி வருவதால், ஒரே செடி இரண்டு பெயர்களில் விற்கப்படுவதுண்டு. வாண்டா என்னும் பேரினப் பெயர் சமற்கிருதச் சொல் ஒன்றிலிருந்து வந்ததாகும்.

அடையாளம் காணுதல்

பெயர்ச்சீட்டு இல்லாத செடியைப் பின்வரும் இயல்புகளைக் கொண்டு அடையாளம் காணலாம்.

* வளர்ச்சி: தண்டு ஒரே நுனியிலிருந்து மேல்நோக்கி வளரும். நீரைச் சேமிக்கும் போலிக்குமிழ்கள் இதற்கு இல்லை. அடிப்பகுதியில் பக்கக் கன்றுகள் தோன்றிச் செடி கொத்தாகும்.
* இலை: தடித்த, குறுகிய, நீளவாக்கில் மடிந்த இலைகள் இரண்டு வரிசைகளில் விசிறி போல் அமைந்திருக்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சிறிய ஃபெலனாப்சிஸ் செடிகளின் இலைகள் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும்.
* இலைக்கணு: இலையின் அடிப்பகுதியில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். முதிர்ந்த இலை இக்கோட்டில்தான் கழன்று விழும். அதன் உறை தண்டிலேயே தங்கிவிடும்.
* மலர்: கோடையில் வெண்ணிற மலர்கள் பூக்கும். ஒவ்வொரு மலரின் பின்புறத்திலும் நீண்டு வளைந்த தேன்குழல் காணப்படும். மணம் இரவில் மிகும். இரவில் பறக்கும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன.

நலிவின் அறிகுறிகள்

இயற்கையில் இதன் வேர்கள் மரக்கிளைகளையும் பாறைகளையும் பற்றிக் காற்றில் திறந்து கிடக்கின்றன. வேரைச் சுற்றியுள்ள வெலாமன் என்னும் பஞ்சு போன்ற திசு மழைநீரை விரைவாக உறிஞ்சுகின்றது. பின்னர் காற்றில் உலர்கின்றது. தொட்டியில் பாசி எப்போதும் நனைந்திருந்தால் வேர்களுக்குக் காற்று கிடைப்பதில்லை. அவை அழுகத் தொடங்குகின்றன. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாததால் இலைகள் சுருங்குகின்றன. இச்சுருக்கத்தை நீர்ப்பற்றாக்குறை என்று கருதி மேலும் நீர் ஊற்றும்போது, எஞ்சிய வேர்களும் அழுகுகின்றன.

ஆகையால் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. வேரைப் பார்ப்பது இன்றியமையாதது. நலமான வேர் அழுத்தும்போது உறுதியாக இருக்கும். உலர்ந்த நிலையில் வெண்மையாகவும் நனைந்தவுடன் பச்சையாகவும் தோன்றும். அழுகிய வேர் பழுப்பு நிறமாகி, அழுத்தினால் நசுங்கும். அதன் மேற்பகுதி உரிந்து நடுவிலுள்ள நார் மட்டும் எஞ்சும்.

எல்லா மாற்றங்களும் நோயல்ல. குளிர்கால ஓய்வின்போது இலைகள் சற்றுச் சுருங்குவதும், அடியிலுள்ள முதிர்ந்த இலை மஞ்சளாகி விழுவதும் இயல்பானவை. மாறாக, நடுக்குருத்து கருமையாகி எளிதில் கழன்று வருவது தீவிரமான அழுகலைக் காட்டுகின்றது. அத்தண்டு மீண்டும் மேல்நோக்கி வளராது. ஆனால் அடிப்பகுதி நலமாக இருந்தால் பக்கக் கன்றுகள் தோன்றக்கூடும்.

மீட்டெடுத்தல்

முதலில் பழைய பாசி முழுவதும் அகற்றப்பட்டு வேர்கள் கழுவப்படுகின்றன. இறந்த வேர்கள் தீயில் காட்டித் தூய்மையாக்கிய கத்தரியால் வெட்டி நீக்கப்படுகின்றன. ஆர்க்கிட்டுகளைத் தாக்கும் சில வைரசுகள் வெட்டுக்கருவிகள் வழியாகப் பரவுவதாலும், அவற்றுக்கு மருந்து இல்லாததாலும் ஒவ்வொரு செடிக்கும் பின் கருவியைத் தூய்மை செய்வது தேவையாகும். வெட்டுவாய்கள் உலர்வதற்குச் செடி ஓரிரு நாட்கள் நிழலில் வைக்கப்படுகின்றது.

போதிய வேர்கள் எஞ்சியிருந்தால், புதிய ஸ்பாக்னம் பாசி தளர்வாகச் சுற்றப்பட்டுச் சிறிய தொட்டியில் நடப்படுகின்றது. ஜப்பானிய மரபில் பாசி, உள்ளே வெற்றிடம் கொண்ட மேடாக அமைக்கப்படுவதால் வேர்களுக்கு உள்ளிருந்தும் காற்று கிடைக்கின்றது. வேர்களே இல்லாத செடியின் அடிப்பகுதி ஈரப்பாசியில் புதைக்கப்படாமல், அதற்குச் சற்று மேலே நிறுத்தப்படுகின்றது. சுற்றிலும் ஈரப்பதமான காற்றும் மிதமான ஒளியும் இருந்தால் போதுமானது. நேரடி வெயில் தவிர்க்கப்படுகின்றது.

புதிய வேர் தோன்றும் வரை உரம் இடுவதில்லை. உறிஞ்ச வேரில்லாத நிலையில் உர உப்புகள் தீங்கு விளைவிக்கும். தண்டின் அடியில் பச்சை அல்லது செந்நிற வேர்நுனி வெளிப்படுவது மீட்சியின் உறுதியான அறிகுறியாகும். நுனியின் நிறம் செடியின் வகையைப் பொறுத்தது. மிகவும் சுருங்கிய பழைய இலைகள் முழுமையாக நிமிராமல் போகலாம். எனவே புதிய இலைகளைக் கொண்டே மீட்சி மதிப்பிடப்படுகின்றது. இது மெதுவாக வளரும் செடியாதலால் மீட்சிக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

பண்பாடும் பாதுகாப்பும்

எடோ காலத்தில் (1603–1868) ஜப்பானியப் பிரபுக்களும் சாமுராய்களும் இச்செடியை விரும்பி வளர்த்தனர். 1787 முதல் 1837 வரை ஷோகனாக இருந்த தொகுகாவா இயெனாரி இதன் பெரும் ஆர்வலராகக் கூறப்படுகின்றார். இலை, மலர் ஆகியவற்றின் சிறப்புக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வகைகள் ஃபூகிரான், அதாவது "செல்வமும் உயர்குடிச் சிறப்பும் உடைய ஆர்க்கிட்" எனப்படுகின்றன.

மிகையான சேகரிப்பினால் காடுகளில் இதன் எண்ணிக்கை குறைந்துள்ளது. தென்கொரியாவில் இது அழிவாய்ப்புள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளது. இதன் பன்னாட்டு வணிகமும், பிற ஆர்க்கிட்டுகளின் வணிகத்தைப் போலவே, சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.