பதிவேடும் பயிர்செய்வோரும்: குச்சவெளியில் பெருந்தொற்றுக்கால நிவாரணம் பற்றிய ஒரு நோக்கு

பெருந்தொற்றுக் காலத்தில் அரசுகள் வழங்கிய நிவாரணத்தை அதன் தொகையைக் கொண்டே அளவிடுவது வழக்கமாகிவிட்டது. எப்பட்டியலைக் கொண்டு அது வழங்கப்பட்டது என்னும் வினா அதனினும் அடிப்படையானதாகும். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டை வரை கடலோரமாக நீளும் குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதொரு களமாகும்.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஏப்ரல், மே மாதங்களில் 5,000 ரூபா வீதம் கொடுப்பனவு வழங்கப்பெற்றது. சமுர்த்திப் பயனாளிகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருடன் விவசாயக் காப்புறுதியில் பதிவு செய்தோரும் இதிற் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டின் உத்தரவாத விலையான கிலோவுக்கு 50 ரூபாவின்படி நோக்கின், இத்தொகை 100 கிலோ நெல்லின் பெறுமதியேயாம். கூலிக்கு அறுவடை செய்வோர் 'விவசாயி' என்னும் வகுதியில் எங்கும் இடம்பெறவில்லை. அவர்கள் பெற்றிருப்பின் வறியவர் என்ற முறையிலேயே பெற்றனர்.

இவ்வகுதி எவ்வாறு உருவாயிற்று? கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேடே உர மானியத்துக்கும் பிற கொடுப்பனவுகளுக்கும் ஆதாரமாக உள்ளது. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தோடு இத்தகைய பதிவேடு தோன்றியது. குத்தகைக் குடியானவனைக் காணிச் சொந்தக்காரரிடமிருந்து பாதுகாப்பதே அச்சட்டத்தின் நோக்கம். ஆனால் பெயர் பதியப்படுமுன்னரே குடியானவர் பலர் வயலைவிட்டு வெளியேற்றப்பட்டனர். உழுபவனைக் காக்கப் பிறந்த ஏடு, காலப்போக்கில் உரித்தாளனுக்கே சான்று கூறும் ஏடாக மாறியமை நம் காணிச் சீர்திருத்த வரலாற்றின் கசப்பான முரண்களுள் ஒன்று. வாய்மொழி ஒப்பந்தத்தில் ஒரு போகத்துக்கு மட்டும் வயலெடுத்துச் செய்பவனுக்கு அதில் இடமில்லை.

குச்சவெளியில் போர் இச்சிக்கலை மேலும் இறுக்கியது. 1985 இல் திரியாய் மக்கள் இடம்பெயர்ந்தனர். உழப்படாத வயல்கள் காடாயின. திரும்பி வந்தோர் தம் நிலங்களுக்கு வனத் திணைக்களமும் தொல்லியல் திணைக்களமும் உரிமை கோருவதைக் கண்டனர். நிவாரணம் வழங்கப்பட்ட அதே காலத்தில், 2020 ஜூன் 2 ஆம் திகதி, கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கான ஜனாதிபதிச் செயலணி நியமிக்கப்பட்டது. கிழக்கின் பெரும்பான்மையினரான தமிழரும் முஸ்லிம்களும் தொடக்கத்தில் அதில் இடம்பெறவில்லை. பிணக்குக்குட்பட்ட காணியிற் பயிர்செய்ய முடியாதவன் அப்போகத்தில் விவசாயியாகக் கணிக்கப்படான். அவனது இழப்பும் பெருந்தொற்றின் இழப்பாகக் கணக்கில் ஏறாது.

தொற்றினால் அந்நியச் செலாவணி வறண்ட நிலையில், 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. 2022/23 பெரும்போகத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் ஹெக்டயருக்கு 10,000 ரூபா, உயர்ந்தபட்சம் 20,000 ரூபா, என நெற்செய்கையாளருக்கு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. அப்போது அரசு விற்ற யூரியா 50 கிலோ மூடை ஒன்றின் விலை 10,000 ரூபா. ஒரு மூடை ஒரு ஹெக்டயருக்குக் காணாது என்பதைக் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நிலையன்று. இந்தியாவில் 2020 ஏப்ரலில் முன்கூட்டி வழங்கப்பட்ட 2,000 ரூபாத் தவணை நிலவுடைமைக் குடும்பங்களுக்கே உரியதாயிருந்தது. அமெரிக்கக் கொடுப்பனவுகள் உற்பத்தியின் அளவைப் பின்பற்றியமையால் பெரும்பண்ணைகள் பெரும்பங்கைப் பெற்றன.

வயலில் உண்மையில் இறங்குபவர் எவர் என்பதை அறிய வழியில்லை என்பது ஏற்கத்தக்கதன்று. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கமக்காரர் அமைப்புகளின் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுகின்றது. நீர்ப்பங்கீடும் விதைப்பு நாளும் அங்கேயே தீர்மானிக்கப்படுகின்றன. இன்ன வயலை இம்முறை இன்னார் செய்கின்றார் என்பது அங்கு கூடியிருப்போருக்குத் தெரியும். அதனை எழுதிக் கையொப்பமிட்டு, போகத்துக்கொரு பட்டியலாக இணைப்பதற்குப் புதிய திணைக்களம் எதுவும் தேவையில்லை.