வேகத்தின் விலை



வேகத்தில் விருப்பம் கொள்வது இளமையின் இயல்பு. மிதிவண்டி கிடைத்தால் அதனை எவ்வளவு விரைவாக ஓட்டலாம் என்று பார்க்கும் அதே ஆர்வந்தான், கணிப்பொறி கிடைத்தால் அதன் வேகத்தை இன்னும் கூட்டலாமா என்று எண்ணத் தூண்டுகிறது. கணிப்பொறியின் மூளையாகிய பிராசசரை, அதனைச் செய்தோர் விதித்த வேகத்திற்கு மேல் இயங்கச் செய்வதை ஓவர்கிளாக்கிங் என்பர். அம் முயற்சியைப் பழிப்பது என் நோக்கம் அன்று. அதில் இறங்குவோர் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கல்லூரியில் பயிலும் என் பெயரன், தான் சேர்த்து வைத்திருந்த உதவித்தொகையில் ஒரு மேசைக் கணிப்பொறியை வாங்கி, அதன் வேகத்தைக் கூட்டினான். 1.25 வோல்ட்டில் இயங்கிய பிராசசருக்கு 1.5 வோல்ட் கொடுத்தான். குளிர்விப்பதற்கு நீர் சுழலும் கருவி ஒன்றையும் பொருத்தினான். “பாருங்கள் தாத்தா, 72 பாகைதான் காட்டுகிறது, 100 வரை தாங்கும்” என்றான். நானும் மகிழ்ந்தேன். எட்டுத் திங்கள் சென்றபின் அப்பொறி இடையிடையே நிற்கத் தொடங்கியது. தேர்வுக்கான அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த ஓர் இரவில், இரண்டு நாள் உழைப்பு அழிந்தது. பழைய வேகத்திற்கே இறக்கியும் அது நிலைபெறவில்லை. வெப்பமானி காட்டிய எண் பிழையன்று. அது சொல்லக்கூடியது அவ்வளவே. அது சொல்லாதது எது என்பதை இனிக் காண்போம்.

பள்ளிக்கூடத்து மணியை நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தவுடன் மாணவர்கள் ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்பிற்குச் செல்கின்றனர். அடுத்த மணிக்குள் அனைவரும் தத்தம் இடத்தில் அமர்ந்துவிட்டால் பாடம் ஒழுங்காக நடைபெறும். பிராசசருக்குள்ளும் அத்தகைய மணி ஒன்று உண்டு. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 400 கோடி முறை அம்மணி ஒலிக்கிறது என்பது பொருள். இரு மணிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஒளியே ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர்தான் செல்ல இயலும். அதற்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் தம் நிலையை மாற்றி முடித்திருத்தல் வேண்டும். மணியை மேலும் விரைவாக அடித்தால் சிலர் வழியிலேயே நின்றுவிடுவர். அதுவே கணக்குப் பிழையாகவும், கணிப்பொறியின் திடீர் நிறுத்தமாகவும் வெளிப்படுகிறது.

எனினும், செய்வோர் எப்போதும் சிறிது இடைவெளி விட்டே வேகத்தை விதிக்கின்றனர். ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையும் ஒரே திறன் உடையவையாக இருப்பதில்லை அன்றோ? 1998ஆம் ஆண்டு வெளிவந்த செலரான் 300ஏ என்னும் பிராசசர் இதற்குப் புகழ்பெற்ற சான்று. 300 மெகாஹெர்ட்ஸ் என விற்கப்பட்ட அதனைப் பலர் 450 மெகாஹெர்ட்ஸில் இயக்கினர். இக்காலப் பிராசசர்களோ வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போது தம் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. ஆகவே நமக்கென்று எஞ்சியிருக்கும் இடைவெளி குறைவு. அதற்குமேல் வேகம் வேண்டுமாயின் மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் மிகுந்தால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து நிலைமாறும். விலை கொடுக்கத் தொடங்கும் இடமும் அதுவே.

பிராசசர் உழைக்கும்போது செலவழிக்கும் மின்திறன், வேகத்தின் அளவிலும் மின்னழுத்தத்தின் இருமடி அளவிலும் ஏறும். ஓர் எடுத்துக்காட்டாக, 4 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட் பெற்று 80 வாட் செலவழிக்கும் ஒரு பிராசசரைக் கொள்வோம். மின்னழுத்தத்தை மாற்றாமல் 4.6 ஆக வேகத்தை உயர்த்தினால் செலவு 92 வாட்டாகும். ஆனால் அவ்வேகத்தில் நிலைத்து நிற்க 1.4 வோல்ட் தேவைப்பட்டால், செலவு ஏறத்தாழ 125 வாட் ஆகிவிடும். வேகம் நூற்றுக்குப் பதினைந்து கூடியது. செலவோ நூற்றுக்கு ஐம்பத்தாறு கூடியது. இம்மின்திறன் முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது.

அவ்வெப்பம் சிலிக்கான் சில்லிலிருந்து அதன் மேல்மூடிக்கும், அங்கிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட்சிங்குக்கும், பின்னர் அறைக்காற்றுக்கும் செல்கிறது. இவ்வழியின் தடை ஒவ்வொரு வாட்டுக்கும் 0.4 பாகை என்று கொள்வோமாயின், 80 வாட் அறை வெப்பத்தைவிட 32 பாகை மிகும். 125 வாட் 50 பாகை மிகும். அறை 30 பாகையில் இருந்தால் முறையே 62, 80 என அமையும். கோடையில் நம் ஊர் அறைகள் 38 பாகையை எட்டும்போது அந்த 80 என்பது 88 ஆகிவிடும். மார்கழியில் செய்த சோதனையை நம்பிச் சித்திரையில் ஏமாறுவோர் உளர். பிராசசருக்குள் வெப்பக் காவல் ஒன்று உண்டு. இன்டெல் கோர் ஐ9 13900கே 100 பாகையிலும், ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் 95 பாகையிலும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் வெப்பம் ஏறினால் பொறி நின்றுவிடும். ஆதலின் வெப்பத்தால் உடனே கேடு நேர்வது அரிது.

மின்னழுத்தத்தின் தீங்கோ ஓசையின்றி நிகழ்வது. டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் மின்காப்புப் படலம் சில அணுக்களின் கனமே உடையது. மிகை அழுத்தம் அதனை நாளடைவில் நலியச் செய்யும். நுண்ணிய உலோகக் கம்பிகளில் பாயும் எலெக்ட்ரான்கள், ஆற்று நீர் கரையை அரிப்பதுபோல, உலோக அணுக்களைச் சிறிது சிறிதாக நகர்த்தும். இதனை எலெக்ட்ரோமைகிரேஷன் என்பர். மின்னோட்டம் நெருங்கிப் பாயப் பாய, வெப்பமும் மிக மிக, கம்பியின் ஆயுள் குறையும் என்பதை ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞர் 1969ஆம் ஆண்டிலேயே ஒரு சமன்பாட்டால் விளக்கினார். உடற்சூட்டை அளக்கும் கருவி இரத்த அழுத்தத்தைக் காட்டாது. அதுபோலவே வெப்பமானி 72 காட்டுகிறது என்பது மின்னழுத்தத்திற்கு நற்சான்று ஆகாது. என் பெயரன் அறியாதிருந்ததும் இதுவே.

பெருநிறுவனங்களும் இப்பாடத்தைக் கற்க நேர்ந்தது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசசர்களிற் சில, எவரும் வேகத்தைக் கூட்டாத நிலையிலும் நாளடைவில் தடுமாறின. மிகையான மின்னழுத்தம் அதற்கு ஒரு காரணம் என்று 2024ஆம் ஆண்டு அந்நிறுவனமே அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், பிராசசர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேளாதபடி திருத்தம் ஒன்றை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. அத்திருத்தம் மேலும் கேடு நேராமல் தடுக்குமேயன்றி, முன்னரே நலிந்தவற்றை மீட்காது.

அப்படியாயின் முயலவே கூடாதா? முயலலாம், முறைப்படி முயல வேண்டும். முதலில் பொறியின் இயல்பான வேகம், மின்னழுத்தம், முழு உழைப்பின்போது உள்ள வெப்பம், அறையின் வெப்பம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். உங்கள் பிராசசருக்கு உரிய மின்னழுத்த வரம்பைச் செய்தோரின் குறிப்பிலிருந்து அறிந்து, அதற்குக் கீழே உங்கள் எல்லையை முன்னரே வகுத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் சிறிய படிகளாக ஏற்றுங்கள். பிழை தோன்றினால் மட்டுமே 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் சோதியுங்கள். மதர்போர்டில் மின்னழுத்தத்தைத் தானியங்கியாக விட்டுவிடாதீர்கள்; தேவைக்கு மேல் அது கொடுத்துவிடுவதுண்டு. சிறிதளவு வேகத்திற்குப் பெரிதளவு மின்னழுத்தம் கேட்கும் இடம் வந்ததும் நின்று, ஒரு படி கீழிறங்குங்கள். ஓவர்கிளாக்கிங் உத்தரவாதத்தைப் போக்கிவிடக் கூடும் என்பதையும் முன்னரே படித்தறியுங்கள்.

என் பெயரன் ஓராண்டு பணம் சேர்த்து வேறொரு பிராசசர் வாங்கினான். இம்முறை அவன் மேசைமேல் ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதில் வேகத்திற்கு ஒரு நிரல், வெப்பத்திற்கு ஒரு நிரல், மின்னழுத்தத்திற்கு ஒரு நிரல். அண்மையில் அதனைப் புரட்டிப் பார்த்தேன். கடைசி வரியில், ஏற்ற முடிந்த ஒரு படியை அடித்துவிட்டு, “இங்கே நிறுத்தினேன்” என்று எழுதியிருந்தான். அவன் ஆசிரியர் பார்த்திருந்தால் அவ்வரிக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்.