உங்களுக்குத் தெரியுமா? மூன்றாண்டு பிந்தும் முதிர்ச்சி

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டு நிலை உள்ள சிறாரிடம், மூளையின் மேலடுக்கான புறணியின் பாதிப் பகுதி உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை வயது 10.5 என்றும், பிறரிடம் அது 7.5 என்றும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 2007இல் அறிவித்தனர்; இத்தாமதம், கவனத்தையும் திட்டமிடலையும் ஆளும் புறணியின் முன்பகுதியிலேயே மிகுதி. எனவே, வீட்டுப்பாடத்தை எழுதி முடித்த பிறகும் நோட்டைப் பையில் வைக்க மறக்கும், ஏ.டி.எச்.டி. உள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவரைச் சோம்பேறி என்று தண்டிப்பது (பல வகுப்பறைகளில் நடப்பது அதுவே) பொருளற்றது. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை தருவதும், நெடிய பாடத்தைச் சிறு பகுதிகளாக்கி ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு குறிப்பதும், தகவலைச் சில நொடிகள் மனத்தில் ஏந்திச் செயல்படும் திறனாகிய செயல்நினைவின் சுமையைக் குறைக்கும். ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோர், ஆசிரியர் இருவர் கூற்றையும் கேட்டே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.