சூத்திரம் நினைவுக்கு, கணக்கு தெளிவுக்கு

நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு உரியவை. அந்த உயிரியலில் மாணவர்களை அஞ்ச வைக்கும் பகுதிகளுள் ஒன்று கிரெப்ஸ் சுழற்சி. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நிகழும் இச்சுழற்சியில் எட்டு சேர்மங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக உருவாகின்றன. பெயர்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால் வரிசை எளிதில் குழம்பிவிடுகிறது.

இதற்குத் தீர்வாக முதலெழுத்துச் சொற்றொடர்களைப் பயிற்சி மையங்கள் கற்றுத் தருகின்றன. இது நமக்குப் புதிதல்ல. அகராதிப் பொருளை நிகண்டுகளில் செய்யுளாகவும், கணக்கை எண்சுவடியில் வாய்பாடாகவும் மனத்தில் பதித்தவர்கள் நம் முன்னோர். ஆனால், இன்று புழங்கும் சொற்றொடர்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ்வழி மாணவருக்கு அதுவே மற்றொரு மனப்பாடச் சுமையாகிவிடுகிறது.

தமிழிலேயே ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். 'சின்ன ஐயா ஆற்றோரச் சந்தையில் சர்க்கரையும் பிரண்டையும் மாங்காயும் ஆராய்ந்தார்.' இதிலுள்ள எட்டுச் சொற்களும் முறையே சிட்ரிக் அமிலம், ஐசோசிட்ரிக் அமிலம், ஆல்ஃபா கீட்டோகுளூட்டாரிக் அமிலம், சக்சினைல் கோ-ஏ, சக்சினிக் அமிலம், ஃபியூமாரிக் அமிலம், மாலிக் அமிலம், ஆக்சாலோ அசிட்டிக் அமிலம் ஆகியவற்றைக் குறிக்கும்.

எனினும், இதில் 'ச' இருமுறையும் 'ஆ' இருமுறையும் வருகின்றன. தேர்வு நேரப் பதற்றத்தில் எந்த 'ஆ' எது என்ற ஐயம் எழும். அங்கே துணைக்கு வருவது கார்பன் கணக்கு. முதல் இரு சேர்மங்களில் ஆறு கார்பன்கள், மூன்றாவதில் ஐந்து, சக்சினைல் தொகுதி முதல் எஞ்சியவற்றில் நான்கு. எனவே, ஐந்து கார்பன் கொண்ட 'ஆ' முன்னது. நான்கு கொண்டது பின்னது.

கார்பன் குறையும் இரண்டு இடங்களிலும் கரியமில வாயு வெளியேறுகிறது. அதே இரு இடங்களிலும் மாலிக் அமிலம் மாறும் கடைசிப் படியிலுமாக மூன்று என்ஏடிஎச் கிடைக்கின்றன. சக்சினைல் கோ-ஏ சக்சினிக் அமிலமாகும்போது ஒரு ஜிடிபி, அது ஃபியூமாரிக் அமிலமாகும்போது ஒரு எஃப்ஏடிஎச்2. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்குச் சுழற்சி இருமுறை நிகழ்வதால் இவை அனைத்தும் இரட்டிப்பாகும்.

மலோனேட் சேர்த்தால் எந்தச் சேர்மம் தேங்கும் என்ற வினாவுக்குச் சூத்திரம் மட்டும் விடை தராது. சக்சினிக் அமிலத்தை மாற்றும் நொதியை மலோனேட் தடுக்கிறது என்று அறிந்தவரே விடை கூறுவார். ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் புறாவின் மார்புத் தசையைக் கொண்டு ஆராய்ந்தபோது, இந்தத் தடையே அவருக்கு முக்கியச் சான்றாயிற்று. அந்த நொதி முடங்கிய நிலையிலும், ஆக்சாலோ அசிட்டிக் அமிலம் சேர்க்கப்பட்டபோது சக்சினிக் அமிலம் உருவானது. அப்படியானால் முன்னோக்கிய வேறொரு பாதை இருக்க வேண்டும். அது ஒரு சுழற்சியாகவே இருக்க வேண்டும். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தாதியின் இறுதிப் பாடல் முதற்பாடலோடு சேர்ந்து மண்டலிப்பதைப்போல, எட்டாவது சேர்மம் அசிட்டைல் கோ-ஏயுடன் இணைந்து மீண்டும் சிட்ரிக் அமிலமாகிறது. ஆகவே மாணவர்கள் சொற்றொடரை ஒப்புவிப்பதோடு நின்றுவிடாமல், புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் சுழற்சியை வரைந்து, ஒவ்வொரு படியிலும் கார்பன் எண்ணிக்கையையும் வெளியேறுவதையும் குறித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர்களும் சூத்திரத்தை வழங்கும் அதே வகுப்பில் இந்தக் கணக்கையும் கற்பித்தால், தேர்வுக்குப் பிறகும் பாடம் மாணவரிடம் தங்கும்.